அவர் இவரை என்னவென்று கூப்பிடுகிறார்?

(பாளையங்கோட்டையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

போன ஆனியில் நம் ஊர்த் தம்பி ஒருவர் தான் எழுதிய கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். டவுனில் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர், பேருந்து நடத்துநர் ஒருவர், இருவரும் ஆண்கள், இருவருக்கும் இடையே காதல். குறுக்குத்துறைப் படித்துறை, அந்தி நேரம். நடத்துநர் சொல்கிறார்: "நான் உன்னை மனதார நேசிக்கிறேன். நீ இல்லாத வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது."

அந்த வரியில் கதையை நிறுத்திவிட்டுத் தம்பியிடம் கேட்டேன்: "இதற்கு முந்தின நாள் வரை இவர் அவரை என்னவென்று கூப்பிட்டார்?" தம்பி யோசித்தார். பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன் எடுத்து வந்திருக்கிறேன்.

ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பில், இப்போது தமிழிலும். சில ஜோடிகள் மாதக்கணக்கில் கூடவே இருக்கிறார்கள். சில ஜோடிகள் புத்தகத்தை மூடியதும் கலைந்துவிடுகிறார்கள். கலைந்து போகிறவர்களிடம் காதல் குறைவாக இருந்ததில்லை. பக்கத்துக்குப் பக்கம் காதல் இருக்கிறது. ஆனால் அவன் இவனிடம் மட்டும் பேசுகிற பேச்சு என்று ஒன்று அங்கே இருக்காது.

நம் நெல்லைப் பேச்சில் இதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் அண்ணாச்சி. சமவயதுக்காரர் என்றால் 'வே'. "என்னவே, ஆளையே காணும்?", "நீரு எப்ப வந்தீரு?" மரியாதையும் உரிமையும் ஒரே எழுத்தில் வந்துவிடுகிறது. அதற்கும் கீழே, நெருக்கத்தில், 'லே'. "வாரும்வே" என்பதிலிருந்து "வாலே" என்பதற்கு வந்து சேர இரண்டு மனிதர்களுக்கு ஒரு வருஷம் ஆகலாம். அந்த ஒரு வருஷமே ஒரு நாவல்.

ஆணும் பெண்ணும் ஜோடி என்றால் தமிழ் ஏற்கெனவே எல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறது. "ஏங்க" என்று ஒருத்தி கூப்பிட்டால் தெருவுக்கே விஷயம் விளங்கும். அத்தான், மாமா எல்லாம் இருக்கிறது. இரண்டு ஆண்களுக்கு அப்படி ஒரு சொல்லும் கிடையாது. தெருவில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுகிற அதே 'வே'யை எடுத்து, அதைத் தங்களுக்கு மட்டுமானதாக அவர்கள் ஆக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தாளர் மெனக்கெட வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், தொடுதல். மேலை நாட்டுக் கதைகளில் இரண்டு ஆண்கள் தெருவில் கைகோத்து நடப்பது பெரிய காட்சி. யார் பார்ப்பார்களோ, யார் கல்லெறிவார்களோ என்ற பதற்றம் அதில் இருக்கிறது. அதை அப்படியே நம் ரத வீதிக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது. ஆனித் தேரோட்டத்தில் பாருங்கள், எத்தனை பேர் தோளில் கை போட்டுக்கொண்டு போகிறார்கள். யாராவது திரும்பிப் பார்க்கிறோமா? சீசன் நேரத்தில் குற்றாலத்தில் இரண்டு ஆண்கள் அறை கேட்டால் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மறைந்திருப்பது இங்கே சுலபம். இருவரையும் ஒரு ஜோடியாக யாருமே பார்க்க மாட்டார்கள் என்பதுதான் நம் ஊர்க் காதலர்களின் துயரம். ஆயிரம் பேர் நடுவே தோளில் கை இருக்கும். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பயம் வருவது தெருவிலிருந்து இல்லை, வீட்டுக்குள்ளிருந்து. இருபத்தெட்டு வயதில் அம்மா ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டுகிறாள். கதையில் அவன் கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டால், அங்கே மூன்றாவதாக ஒரு மனுஷி வந்துவிடுகிறாள். அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவளை வில்லியாக்குகிற கதைகளை, பாதியில் காணாமல் அடிக்கிற கதைகளை என்னால் நம்ப முடிவதில்லை. ஒரு பெண்ணுக்கு இழைத்த அநியாயத்தைத் தாண்டிக் குதித்துப் போகிற காதல் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அந்த அநியாயத்தை நின்று பார்க்கிற கதையில்தான் அந்த இரண்டு ஆண்களும் எனக்கு மனிதர்களாகிறார்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஜப்பானில் 1970களில், பெண்கள் படிக்கும் படக்கதைகளில் ஆண்–ஆண் காதல் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. பெரும்பாலும் பெண்களே எழுதினார்கள், வரைந்தார்கள். அதிலிருந்து ஓர் அச்சு கிளம்பியது: ஒருவன் முன்கை எடுப்பவன், மற்றவன் இணங்குபவன். அந்தக் கதைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். இங்கேயும் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தன் மனசைக் காட்டிய முதல் கண்ணாடி கைப்பேசியில் படித்த அந்த வகைக் கதைதான். ஆனால் அந்த அச்சைத் தமிழில் வார்த்தால் ஒருவன் சமைத்து அழுகிறான், மற்றவன் பைக் ஓட்டி அதட்டுகிறான். பழைய புருஷன்–பெண்டாட்டி கதையே திரும்பி வந்துவிடுகிறது. யார் சமைப்பது என்பதை அவரவர் சுபாவம் தீர்மானிக்கட்டும். நடத்துநருக்கு விடியற்காலை முதல் ட்ரிப் என்றால், நாலு மணிக்கு எழுந்து ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றுகிறவர் யார்? ஊற்றாத நாளில் என்ன நடந்தது? இதெல்லாம் எழுதப்பட வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனம் ஒத்துச் சேர்ந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில், திருமண உரிமையைத் தன்னால் தர முடியாது, அது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டது. 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. ஆக, இன்றைய ஜோடி குற்றவாளிகளும் இல்லை, தம்பதியும் இல்லை. இந்த நடுவிடத்தில் சடங்கு எதுவும் கிடையாது. தாலி இல்லை, மறுவீடு இல்லை.

மறுவீடு என்றதும் ஒரு காட்சி சொல்லத் தோன்றுகிறது. இது என் ஆசை, யாராவது எழுதிக்கொள்ளுங்கள். மகன் தன் கூட்டாளியை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருகிறான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இலை போடுகிறாள். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்திருக்கிறாள், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. சாதாரண செவ்வாய்க்கிழமை. நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மறுவீட்டில் போடுகிற சாப்பாடு எது என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவள் ஊற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று மட்டும் கேட்கிறாள். இதற்கு மேல் ஒரு வசனம் வைத்தாலும் கெட்டுப்போகும்.

சந்தோஷமான முடிவு நம்பும்படியாக இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913–14இல் எழுதினார். இரண்டு ஆண்களும் கடைசியில் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 1967 வரை அது குற்றம். புத்தகம் 1971இல், அவர் இறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அச்சில் வந்தது. ஒருவன் தூக்கில் தொங்கி முடிந்திருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். நம்மிடமும் ஒருவன் ஆற்றோடு போகிற முடிவுகள் போதுமான அளவு வந்துவிட்டன. தாமிரபரணி பாவம், எத்தனை கதைகளுக்கு அது பொறுப்பேற்கும்? சேர்ந்து வாழ்கிற முடிவை எழுதுங்கள். அதற்கு முந்தின பக்கங்களில் காப்பியும் சண்டையும் வாடகையும் இருந்தால் வாசகர் நம்புவார்.

சரி, தம்பியின் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்துத் திருத்தி எடுத்து வந்தார். படித்துறையே இல்லை. இப்போது இடம் ஜங்ஷன் பேருந்து நிலையம், இரவு ஏழு மணி. நடத்துநருக்கு எப்போதும் சில்லறைத் தட்டுப்பாடு. கடையில் சேர்கிற ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்க் காசுகளைக் கணக்கர் தினமும் தன் கைக்காசைப் போட்டு மாற்றி, ஒரு சுருக்குப்பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார். பல மாதமாக இது நடக்கிறது. இருவரும் 'நீரு', 'உமக்கு' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அந்த இடத்தை அப்படியே வாசிக்கிறேன்:

"நூத்தி எழுவது ரூவா இருக்கு. எண்ணிப் பாரும்வே."

"எதுக்கு? நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும்."

கணக்கர் தலை நிமிர்ந்து பார்த்தார். நடத்துநர் அதற்குள் படியில் ஏறி விசில் ஊதிவிட்டார்.