ரெண்டு பேருக்கு 18,000 ரூபாய் தண்ணீர் பில்

[திரையில்: எக்செல் ஷீட். பி நெடுவரிசையில் 12 வீடுகளின் ஆள் கணக்கு]

மடிப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் கணக்கு போன கோடையில் என் தலையில் விழுந்தது. 12 வீடு, மொத்தம் 40 பேர், அந்த மாதம் தண்ணீர் லாரிக்கு மட்டும் 18,000 ரூபாய். ஆள் கணக்குப்படி பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஷீட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஐந்தாவது நிமிடம் மூன்றாவது மாடி ஆன்ட்டி போன் செய்தார். "தம்பி, நாங்க ரெண்டே பேரு. முழு லாரியையும் நாங்களே குடிச்சோமா?"

சரி, ஷீட்டைப் பார்ப்போம்.

பி2:பி13. நடுவில் இருப்பது கோலன். இதைத்தான் ரேஞ்ச் என்கிறோம். இரண்டு மூலையை நாம் சொன்னால் இடையில் உள்ள கட்டங்களை எல்லாம் எக்செல் அள்ளிக்கொள்ளும். பி2:டி13 என்றால் 36 கட்டம். கோலனுக்குப் பதில் கமா போட்டீர்களோ, முதலும் கடைசியுமாக இரண்டே கட்டம்தான் கூட்டலில் வரும், எர்ரர்கூட காட்டாது.

[திரையில்: சி2 கட்டத்தில் =பி2/சம்(பி2:பி13)*$இ$1]

இ1-இல் லாரிக் காசு. ஃபார்முலாவை இழுக்கும்போது அது நகராமல் இருக்க டாலர் போட்ட புத்திசாலி, ரேஞ்சுக்குப் போட மறந்துவிட்டேன். முதல் வீட்டை மட்டும் கால்குலேட்டரில் சரிபார்த்தேன், சரியாக இருந்தது, இருக்கத்தானே செய்யும். ஆனால் ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க ரேஞ்சும் கூடவே இறங்குகிறது: பி3:பி14, பி4:பி15...

[திரையில்: சி13-ஐ டபுள் கிளிக். வண்ணக் கட்டம் பி13 முதல் பி24 வரை]

பாருங்கள், பி13-க்குக் கீழே எல்லாம் காலி. ஆக மொத்த ஆட்களே இரண்டு பேர், அந்த ஆன்ட்டியும் அங்கிளும். இரண்டில் இரண்டு, முழு 18,000. வர வேண்டியது 900.

ஃபார்முலாவில் ரேஞ்சை செலக்ட் செய்து எஃப்4 தட்டுங்கள். $பி$2:$பி$13 ஆகிவிடும், எவ்வளவு இழுத்தாலும் நகராது. சில லேப்டாப்பில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. வாட்ச்மேன் குடும்பத்தை பி14-இல் சேர்த்தால் இந்த டாலர் ரேஞ்சுக்குள் அவர்கள் வர மாட்டார்கள். கடைசி வீட்டுக்கு மேலே ஒரு வரிசையை இன்சர்ட் செய்து அங்கே எழுதுங்கள், ரேஞ்ச் தானாகவே $பி$2:$பி$14 ஆகும். நான் எழுதியது பி14-இல்தான். அடுத்த மாதம் ஆன்ட்டியே போன் செய்தார்.