சதுரமும் காரோவும்

கோயில் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர், பொருளாளர் அவர்களே, சந்தனம் கொடுத்து வரவேற்ற மாதர் சங்கத்து அம்மாமார்களே, மழையைப் பாராமல் வந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, வணக்கம்.

‘சதுரம்’ என்ற சொல்லைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: அதன் பிறப்பு, புழக்கம், அதைச் சுற்றிய குழப்பம். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பார்கள். இந்தச் சொல்லுக்குள் எண்ணே இருக்கிறது.

வடமொழியில் சதுர் என்றால் நான்கு. நான்கு மூலை உடையது சதுரஸ்ரம். நம் வாயில் சதுரம். நால்வகைப் படை சதுரங்கம். 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாக அகராதி செய்து ‘சதுரகராதி’ என்று பெயர் வைத்தார். கெட்டிக்காரரைச் சதுரர் என்பது வேறு கதை. அதைக் குழப்பத்தில் சொல்கிறேன்.

சரி, மொரீஷியஸுக்கு வருவோம். பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், கரும்பு வயலை நாம் ‘காரோ கான்’ என்கிறோம், கரும்பு வெட்டைக் ‘கூப்’ என்கிறோம். காரோ என்பது பிரெஞ்சுக்காரரின் சதுரக் கட்டம். அதற்கு மூலம் லத்தீனின் நான்கு. அந்த நான்கும் வடமொழி நான்கும் ஒரு வேரில் கிளைத்தவை. ஆகவே சதுரமும் காரோவும் தூரத்துப் பங்காளிகள்! நாம் கூடியிருக்கும் காத்ர் போர்னும், அதாவது நான்கு எல்லைக்கல்லும், அந்த வகையறாதான்.

ஒரு கோயில் மாலைப் பள்ளியில் நடந்தது. வாத்தியார் பலகையில் சதுரம் போட்டு, “இது என்ன?” என்றார். ஒரு பொடியன் எழுந்து, “காரோ” என்றான். வாத்தியாருக்குக் கோபம். “கிரியோல் பேசாதே! காரோவில் என்ன இருக்கும்?” “கரும்பு, ஐயா.” “இதில் கரும்பு இருக்கிறதா?” பையன் பலகைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். “இல்லை ஐயா. கூப் முடிஞ்சுபோச்சா?” என்றான். வாசலில் பேரப்பிள்ளைகளுக்குக் காத்திருந்த பாட்டிமார் சிரித்த சிரிப்பில் அன்றைய வகுப்பே கலைந்தது. பையனை வெளியே நிற்க வைத்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும். கிரியோல் தெரிந்த கண்ணைப் பொத்திவிட்டா தமிழ் எழுத்தைக் காட்டுவது? 2012 முதல் தொடக்கப் பள்ளியில் கிரியோலும் விருப்பப் பாடம். ஆனால் தமிழா கிரியோலா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று பிள்ளையிடம் கேட்கிறார்கள். இரண்டையும் படிக்க வழி வேண்டும். நம் மாலைப் பள்ளியிலாவது கிரியோல் வழியாகத் தமிழ் சொல்லித்தர வேண்டும்.

தலைவர் மணியைப் பார்க்கிறார், குழப்பம் இன்னொரு நாளைக்கு. இரண்டையும் படிக்க வழி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது; கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் டீ குடிக்கலாம்.