கத்தரிக்கோலில் ஓர் எண்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊர் வரலாற்றுக்கென்று இருக்கும் சின்ன அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று அறைகள்தான் இருக்கும். கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அப்படிச் சுற்றிவிட்டுக் கிளம்பியவன்தான் நானும். வாசலருகே கண்ணாடிப் பெட்டியில் ஒரு தையல் கத்தரிக்கோல் இருந்தது. கட்டைவிரல் நுழையும் வளையத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு தேய்ந்து இரும்பு பளபளத்தது. அதன் உட்புறத்தில் பொடி எழுத்தில் 1987.14.3 என்று எழுதியிருந்தது.

காப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். 1987, பொருள் வந்து சேர்ந்த ஆண்டு. 14, அந்த ஆண்டின் பதினான்காவது வரவு. 3, அந்த வரவில் மூன்றாவது பொருள். உலகெங்கும் பல அருங்காட்சியகங்களில் இதே முறைதான். எண்ணை நேரே இரும்பின்மேல் எழுதுவதில்லையாம். தெளிந்த வார்னிஷை மெல்லப் பூசி, அது காய்ந்தபின் அதன்மேல் எழுதுகிறார்கள். நாளை அழிக்க வேண்டிவந்தாலும் பொருளில் தழும்பு விழாது. எனக்கு அந்தப் பக்குவம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"அப்படியானால் ஒன்றும் இரண்டும் எங்கேம்மா?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பதிவேட்டைப் புரட்டினார். ஒன்று, தையல் மெஷின். இரண்டு, அளவு நோட்டு. மூன்றும் ஒரே பெண்மணி புழங்கியவை. மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நோட்டை உள்ளறையிலிருந்து எடுத்துவந்தார். வெளிச்சம் பட்டு மங்கிய மை திரும்ப வராது. அதனால் காகிதத்துக்கும் துணிக்கும், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் 50-க்கு மேல் ஒளி வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. அந்த வெளிச்சத்திலும் அவற்றை ஆண்டு முழுக்கக் காட்சிக்கு வைக்கக் கூடாது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, ஒரே குழந்தையின் கை நீளம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. கண்ணாடிப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்தக் குழந்தையை நான் கண்டிருக்க மாட்டேன்.

சின்ன இடங்களில் இதுதான் பெரிய வசதி. பதிவேட்டை எழுதுபவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். தயங்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பதிவேட்டில் அடுத்த வரியையும் பார்த்தேன். 1987.15, மரப்பெட்டி. கொடுத்தவர், புழங்கியவர் என்ற இரண்டு கட்டங்களும் காலி. பார்க்க வருகிறவர்களில் யாராவது அடையாளம் சொன்னால் உடனே எழுதிக்கொள்ள, அந்தப் பக்கத்திலேயே ஒரு பென்சிலைச் செருகி வைத்திருக்கிறார் அந்த அம்மா.

வணக்கம்.