பையை மூடியே வை, தம்பி

கோடை பண்பலை நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சிக்காரன் ஒருவனை வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோளில் கேமராச் சுமை இல்லாமல் உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அந்தச் சுமையை முதலில் ஏற்றிவிட்டவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

2006-ல் குறிஞ்சி பூத்தது. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ, சும்மா விடுவார்களா? படம் எடுக்க ஒரு குழு வந்தது, அதில் கேமராக்காரர் அண்ணன். ஸ்டாண்டு தூக்க பூம்பாறையிலிருந்து நான் போனேன். மன்னவனூர்ப் பக்கம் விடியற்காலைக் குளிரில் விறைத்துப்போய், எல்லோரும் டீக்கடைக்குள் நுழைந்தோம். பாவம், கேமராவுக்கும் குளிருமே என்று அதைப் பையிலிருந்து எடுத்து அடுப்போரம் வைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே கதைதான். லென்ஸ் போதாதென்று, உள்ளே டேப் சுற்றி ஓடுகிற உருளையும் வியர்த்துவிட்டது. ஈர உருளையில் டேப் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கேமரா எச்சரிக்கை காட்டிவிட்டு ஓட மறுத்தது. பூவின் ஊதா நன்றாக விழுகிற காலை வெளிச்சம், கேமரா காய்வதற்குள் போயே போச்சு.

"எவன்டா இங்கே வெச்சது?" என்று தயாரிப்பாளர் கத்தினார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன். அவர் சொல்லவே இல்லை. அன்று முழுக்கத் திட்டு வாங்கியதும் அவர்தான்.

ராத்திரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "குளிரிலிருந்து வந்தால் பையை மூடியே வை, தம்பி. உள்ளேயே மெதுவாகச் சூடு ஏறட்டும். பேட்டரியை மட்டும் எடுத்து உன் சட்டைக்குள் போட்டுக்கோ. குளிரில் அதுதான் சீக்கிரம் இறங்கும்." அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. இந்தத் தொழிலில் தெரிந்ததைச் சொல்லித்தரப் பலருக்கு மனசு வராது. நாளைக்கு இவன் நம் இடத்துக்கு வந்துவிடுவானோ என்ற பயம். நானே பிற்பாடு சில பையன்களிடம் அப்படி நடந்திருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் சரிவில் ஏறியதும், "கால் வலிக்குது, நீ எடு" என்று கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். நான் எடுத்ததில் பாதி ஆடியது, மீதி நிகழ்ச்சியில் வந்தது. இறங்கும்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போனவர் அவர்தான். கால் வலி எங்கே போனதோ!

அப்புறம் நான் தனியாக வேலைக்குப் போய், அவரும் ஓய்வு பெற்று மலையிறங்கிவிட்டார். ஆனாலும் என் நிகழ்ச்சி ஒளிபரப்பான கையோடு போன் வரும். பாராட்டு ஒரு வரி. மைக்கில் காற்று அடித்தது, அடிவானம் சாய்ந்திருந்தது என்று குறை பத்து வரி.

இதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். படம் இல்லாததால் ஃபோகஸைப் பற்றிச் சொல்ல வழியில்லை. நடுவில் இரண்டு இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அதைக் குறித்து வைத்திருப்பார். போனை ஆன் செய்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். வணக்கம்.