தாமதத்தைச் சொல்லும் கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் வணிக ஆங்கிலம் கற்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கொங்கு வட்டாரத்து அரசுக் கல்லூரிகளில் பி.காம். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தித்தான் என் பணிக்காலம் கழிந்தது. இன்றும் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது.

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். அப்பா சாயப்பட்டறையில், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அண்ணன் ஓவர்லாக் மெஷினில் என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைகள். பாகம் ஒன்றில் தமிழ், பாகம் இரண்டில் ஆங்கிலம், அதன்பின் கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம். அந்த வரிசையில் எங்கோ வணிகத் தகவல் தொடர்பு என்று ஒரு தாள். அதில் விசாரணைக் கடிதம், ஆணைக் கடிதம், புகார்க் கடிதம், வசூல் கடிதம். வழியில் உடைந்துபோன கண்ணாடிச் சாமான்களுக்காகப் புகார் எழுதச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் கடிதத்தின் நடை கப்பலில் தபால் போன காலத்து நடை. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளை முதல் நாளே திகைத்து நிற்கும்.

எந்த வேலைக்கு? எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாருக்கும், அதாவது பையருக்கும், இங்குள்ள தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பவர் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது, நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, துணி எங்கே இருக்கிறது என்று துரத்துவது, தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பும் வரை பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல்.

அந்த மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பதை நாம் கவனிப்பதே இல்லை. ஜெர்மனிக்கு, ஸ்பெயினுக்கு, ஸ்வீடனுக்கு. அங்கே படிப்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவரும் நம் பிள்ளையைப் போலக் கல்லூரியில் படித்துப் பழகியவர்தான். இதை நான் மறுபடியும் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலக வணிகத்தில் ஆங்கிலம் பேசுகிற இருவரில் பல நேரம் இருவருக்குமே அது வீட்டு மொழி அல்ல.

ஓர் உதாரணம். 1998இல் ஃபின்லாந்தின் என்சோ நிறுவனமும் ஸ்வீடனின் ஸ்டோரா நிறுவனமும் இணைந்து ஸ்டோரா என்சோ ஆயின. காகிதத் தொழிலில் பெரிய பெயர். இரு நாட்டு ஊழியர்களும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். அதேபோல் இணைந்த ஒரு வங்கியையும் சேர்த்து ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்து, 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் நேரடியாக விஷயத்துக்கு வருகிறார்கள், ஸ்வீடன்காரர்கள் கலந்து பேசிக்கொண்டே போகிறார்கள் என்று ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னதாக அதில் இருக்கிறது. இரு தரப்பும் தத்தம் ஊர்ப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்துதான் வேலை செய்தன. வேலையும் நடந்தது. ஜப்பானில் ராகுடென் என்ற இணைய வணிக நிறுவனத்தின் தலைவர் மிகிதானி 2010இல் இனி அலுவலக மொழி ஆங்கிலம் என்று அறிவித்தார். இரண்டே ஆண்டு அவகாசம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான ஜப்பானிய ஊழியர்கள் வேலைக்கு நடுவில் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். ஆகவே நம் பிள்ளைகள் மட்டும் ஏதோ குறையோடு பிறந்தவர்கள் என்ற எண்ணம் வேண்டாம். பெற்றோர்களே, தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதைக் கற்பிப்பது? என்னைக் கேட்டால் தாமதக் கடிதம். சரக்கு சொன்ன தேதியில் வராது என்று பையருக்கு எழுதும் கடிதம். அது ஒன்றை ஒழுங்காக எழுதத் தெரிந்தால் வணிக ஆங்கிலத்தில் பாதி வந்துவிட்டது என்பது என் நம்பிக்கை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததை எண்ணினால் அந்த உத்தரவின் நியாயம் புரியும். ஆனால் நிட்டிங் முடிந்த துணி சாயம் ஏறாமல் தேங்கிவிட்டது. வெளியூருக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த நிலைமையை அப்படியே எடுத்து வகுப்பில் வைத்தேன். நீங்கள்தான் மெர்ச்சண்டைசர், பையருக்கு எழுதுங்கள் என்றேன்.

ஒரு மாணவி எழுதியதை மறக்க முடியாது. நலம், நலமறிய ஆவல் என்பதில் தொடங்கியிருந்தார். பிறகு நீதிமன்றம், பட்டறை, வெளியூர், லாரி வாடகை என்று ஒரு பக்கம். கடைசி வரியில், வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், சரக்கு தாமதமாகும். எத்தனை நாள் என்பது இல்லை. இலக்கணத்தில் சில பிழைகள் இருந்தன. நான் அவற்றைத் தொடவே இல்லை. கடைசி வரியை முதல் வரியாக எழுதம்மா என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நின்று கேட்டார்: “ஐயா, எடுத்த எடுப்பில் கெட்ட செய்தியைச் சொல்வது மரியாதையா?”

இதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் துக்கச் செய்தி கொண்டுவருபவர் கூடத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். அது பண்பு. அதைத் தவறு என்று எப்படிச் சொல்வேன்? வகுப்பையே கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே சொன்னார்: “எங்கள் அப்பா பட்டறையில் நிறம் சரியாக ஏறவில்லை என்றால் அந்த நிமிடமே கம்பெனிக்குப் போன் செய்துவிடுவார், ஐயா. மறுநாள் சொன்னால் அவர்கள் கட்டிங்குக்கு ஆள் வரச் சொல்லியிருப்பார்கள், கூலி வீணாகும் என்பார்.”

பாருங்கள், வணிக ஆங்கிலத்தின் சாரம் அந்த அப்பாவிடம் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் செய்தி தாமதமானால் மற்றவருக்குப் பணம் போகும் என்று தெரியும். ஹாம்பர்க்கில் இருக்கும் பையரும் கடையில் இடம் ஒதுக்கியிருப்பார், விளம்பரம் கொடுத்திருப்பார். முன்கூட்டியே தெரிந்தால் தேதியை மாற்றிக்கொள்வார். தெரியாமல் போனால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் விமான வாடகைக்கே போய்விடும்.

அந்தப் பெண் மறுபடி எழுதினார். முதல் வரியில் ஆர்டர் எண், பழைய தேதி, புதிய தேதி. அடுத்து காரணம், ஒரே வாக்கியத்தில். அதன்பின் பாதிச் சரக்கை எப்போது அனுப்ப முடியும் என்பது. கடைசியில், எந்தக் கிழமைக்குள் பதில் வேண்டும் என்பது. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். வருத்தம் தெரிவிக்கும் வரியை இரண்டாவதாக வைத்திருந்தார். தேதியைச் சொன்ன பிறகு, காரணத்துக்கு முன்னால். நான் சொல்லித் தந்ததல்ல அது. மரியாதைக்கு அவரே கண்டுபிடித்த இடம்.

சின்ன வாக்கியம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வானொலியில் பேசுவதால் சொல்கிறேன். அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு சேவையைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. உலகச் செய்தி முழுவதையும் அதற்குள் சொன்னார்கள். உலகச் செய்திக்கே போதுமான ஆங்கிலம் பனியன் ஆர்டருக்குப் போதாதா? நீண்ட சொல் நல்ல ஆங்கிலம் என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோம். ஆசிரியர் நண்பர்களே, தேர்வுத்தாளில் கண்ணாடிச் சாமானை விட்டுவிட்டு, ஈரோட்டு மஞ்சளை, கரூர்ப் போர்வையை, சிவகாசிக் காலண்டரைக் கேளுங்கள். பொருள் தெரிந்தால் மாணவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். சொல்ல இருந்தால் மொழி தேடிக்கொண்டு வரும்.

அடுத்து, தொலைபேசியிலும் கூட்டங்களிலும் ஆங்கிலம் பேசுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கை காட்டுகிறார்கள். அதனால் சுருக்கமாக. எண்களில் கவனமாக இருங்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஆங்கிலத்தில் ஒலி வேறுபாடு மிகக் குறைவு. ஒன்று ஐந்து, ஐந்து பூஜ்யம் என்று தனித்தனியாகச் சொல்லி, எதிர்முனையையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள், அவருக்கும் அது இரண்டாவது மொழிதான். கூட்டத்தில் என்ன பேசுவது என்று முந்தின இரவே இரண்டு வாக்கியம் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போனை வைத்ததும் பேசி முடிவானதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். தேதி முதல் வரியில் இருக்கட்டும். வணக்கம்.