பேய் இல்லாவிட்டால் அந்தத் தகப்பன் யார்?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் மட்டக்களப்பு வாசகர்களே, வணக்கம்.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் எழுத்தில் வாசகர் மனத்தில் முதலிடம் பெறுபவை பேய் நடமாடும் நாவல்களா, பேயே வராத கதைகளா? இதுதான் இன்றைய வழக்கு. பேய் நடமாடும் நாவல்களே என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விடயங்களை வைத்தார். ஷோஷாங்க் சிறைக்கதையும் 'மிஸரி'யும்தான் எல்லாருக்கும் பிடித்தவை, இரண்டிலும் பேய் இல்லை என்றார். பேய் என்பது எழுத்தாளனின் சோம்பல், விளக்க முடியாததை எல்லாம் அதன் தலையில் கட்டிவிடலாம் என்றார். பேய் நாவல்களைத் தொடங்குகிறவர்கள் பாதியில் மூடிவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

இரண்டாவதில் தொடங்குகிறேன், நடுவர் அவர்களே. வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பேயைப் பற்றிக் கதைக்க நம் ஊரில் ஒருவரும் கூச்சப்படத் தேவையில்லை. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் நம் கிழவிமாரின் கதைகளில் வரும் கொத்திப் பேய்க்கும் முனிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பிடிக்கும், ஆடும், என்ன வேணும் என்று கேட்டால் சொல்லும், கழிப்புக் கழித்தால் போய்விடும். வெளியிலிருந்து வந்தது வெளியே போகிறது. கிங்கின் பேய் வேறு மாதிரி. அது வாசலில் நின்று ஒன்றைத் தருவதாகச் சொல்கிறது. உள்ளே கூப்பிடுகிறவன் வீட்டுக்காரன்.

1983இல் வந்த 'பெட் செமட்டரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லப் பிராணிகளின் சேமக்காலை, அதாவது இடுகாடு, என்று பொருள். சிறுவர்கள் பலகையில் எழுத்துப் பிழையோடு எழுதிவைத்ததையே தலைப்பாக வைத்தார். மேய்ன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படிப்பித்த காலத்தில், லொறிகள் ஓயாமல் ஓடும் ஒரு வீதியோரம் கிங் குடும்பம் வாடகைக்கு இருந்தது. மகளின் பூனை அந்த வீதியில் அடிபட்டுச் செத்தது. சின்ன மகனும் ஒருநாள் வீதியை நோக்கி ஓடினான், தப்பினான். தப்பாதிருந்தால் என்ற நினைப்பில் முளைத்த நாவல் இது. எழுதி முடித்தபின் அளவு மீறிவிட்டோம் என்று கிங்கே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஒப்பந்தப்படி பழைய பதிப்பகத்துக்கு ஒரு நூல் கொடுக்கவேண்டி வந்தபோதுதான் வெளியே வந்தது.

இதில் பயம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். லூயிஸ் கிரீட் ஒரு மருத்துவர். சாவு இயற்கை என்று மகள் எல்லிக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். மனைவி ரேச்சலோ சிறுவயதில் தன் அக்கா செல்டா நோயில் துடித்துச் செத்ததைப் பார்த்தவள், சாவு என்ற சொல்லையே வீட்டுக்குள் விடமாட்டாள். சேர்ச் என்ற கடுவன் பூனைக்கு நலம் போட்டு, அதாவது விதையடித்து, விடுகிறார்கள், நலம் போட்ட கடுவன் வீதி கடந்து அலையாது என்று. அது அலைகிறது, அடிபட்டுச் சாகிறது. மனைவி பிள்ளைகள் ஊரில் இல்லாத நேரம். பக்கத்து வீட்டுக் கிழவர் ஜட், தன் மனைவியின் உயிரை லூயிஸ் காப்பாற்றிய நன்றிக்காக, சேமக்காலைக்கும் அப்பால் காட்டுக்குள் இருக்கும் பழைய புதைநிலத்துக்கு அவரைக் கூட்டிப்போகிறார். நன்றிக்காக! கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. அங்கே புதைத்த பூனை உயிரோடு திரும்பி வருகிறது. மண்வாடை அடிக்கிறது, தட்டுத்தடுமாறி நடக்கிறது, எலிகளையும் பறவைகளையும் தேவையில்லாமல் கிழித்துப் போடுகிறது. எல்லி அதைத் தன்னோடு படுக்க விடமாட்டேன் என்கிறாள்.

பிறகு பட்டம் ஏற்றும் அத்தியாயம். லூயிஸும் இரண்டு வயதுக்குழந்தை கேஜும் வயலில் நிற்கிறார்கள். குழந்தை சிரிக்கிறது. அந்த மகிழ்ச்சியின் நடுவில், இந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆயுள் இல்லை என்று ஒரே வசனத்தில் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போகிறார். மர்மத்தை இப்படி உடைக்கலாமா என்று கேட்பவர்கள் நம் கூத்துக் களரிக்கு வரவேண்டும். அபிமன்யு வியூகத்துக்குள்ளிருந்து திரும்பமாட்டான் என்று களரியைச் சுற்றிப் பாய் விரித்து இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விடியும் வரை இருக்கிறோம். தெரிந்த பிறகுதான் அவன் ஆடுகிற ஒவ்வொரு தருவும் நெஞ்சை அறுக்கிறது. கேஜின் சிரிப்பையும் கிங் அப்படித்தான் கேட்க வைக்கிறார்.

கேஜ் லொறியில் அடிபட்டுச் சாகும் விபத்தை அவர் நேராகக் காட்டுவதில்லை. செத்தவீட்டில்தான் நாம் போய் நிற்கிறோம். அதன் பிறகு ஓர் அத்தியாயம் வருகிறது. தகப்பன் ஓடிப்போய்க் குழந்தையை எட்டிப் பிடித்துவிடுகிறான். குழந்தை வளர்கிறது, படிக்கிறது, ஒலிம்பிக்கில் நீந்துகிறது. வாசிக்கிறவர் மூச்சு விடுகிற நேரத்தில் அந்தக் கனவு இரத்தத்தில் முடிகிறது. கிங் எழுதியவற்றில் இதைவிடக் கொடிய பக்கங்கள் இல்லை என்பது என் தீர்மானம். அங்கே ஒரு பேயும் வரவில்லையே என்று எதிரணி நண்பர் கேட்பார். வரவில்லைதான். வரப்போகிறது என்பதனால்தான் அந்தக் கனவு ஆபத்தாகிறது.

இப்போது அந்தப் புதைநிலத்தை நாவலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் அழுகை. நாமும் அழுவோம், புத்தகத்தை மூடுவோம். அந்தத் தகப்பன் யார் என்று நமக்குத் தெரியாமலே போகும், ஏனென்றால் அவன் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. புதைநிலம் அவன் கையில் ஒரு தீர்மானத்தைக் கொடுக்கிறது. பூனை எப்படித் திரும்பியது என்று அவன் கண்ணால் கண்டவன். போரில் செத்த மகனை அங்கே புதைத்த ஒரு தகப்பனுக்கு என்ன நடந்தது என்று ஜட் வாயால் கேட்டவன். இரண்டு சாட்சி இருந்தும் மண்வெட்டி, கயிறு, டோர்ச் எல்லாம் வாங்கிக்கொண்டு இரவில் மயான வேலி ஏறுகிறான். அவன் தோண்டுகிற பக்கங்களை வாசிக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருகிறதா?

இந்தக் கரையில் இந்தக் கேள்வி வெறும் கதைக்கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோய் உடல்கூடக் கிடைக்காத பிள்ளைகள் உண்டு. போர்க்காலத்தில் காணாமல் போனவருக்காக இன்னும் படலையைப் பூட்டாமல் வைத்திருக்கும் தாய்மார் உண்டு. எட்டு, முப்பத்தொன்று என்று நாள் வைத்து, போனவரைப் போகவிடச் சொல்லித்தருகின்றன நம் சடங்குகள். லூயிஸிடம் அப்படி ஒரு வழி இல்லை. போனவர் எப்படியாவது வரட்டும் என்ற ஆசைக்கு உருவம் கொடுத்து அதன் விலையையும் எழுதிக்காட்ட, பேயைத் தவிர வேறு எந்த உத்தி உதவும்? இதையா சோம்பல் என்கிறீர்கள்?

அடுத்தது, 1977இல் வந்த 'த ஷைனிங்'. 1974இல் கொலராடோவில் ஸ்டான்லி ஹோட்டலில், பருவம் முடிந்து மூடப்போகிற நேரத்தில் கிங்கும் மனைவியும் 217ஆம் அறையில் தங்கினார்கள். அந்த வெறுமையில் பிறந்தது நாவலின் ஓவர்லுக் ஹோட்டல். ஜாக் டொரன்ஸ் குடியை விட்டவன், மாணவனை அடித்ததால் ஆசிரியர் வேலை போனவன், முன்பொருநாள் வெறியில் தன் மகன் டனியின் கையை உடைத்தவன். பனிக்காலம் முழுக்க ஹோட்டலைக் காவல்காக்கும் வேலை கிடைக்கிறது. கீழ்த்தளத்தில் பழைய கொதிகலன். அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், ஆள் போய் வால்வைத் திறந்து இறக்க வேண்டும், மறந்தால் வெடிக்கும். நாவலின் அமைப்பே அந்த அழுத்தமானியின் முள்தான். ஜாக்கின் கோபம் ஏறுகிற அளவும் அதன்படிதான். இங்கும் ஹோட்டல் அவனை வந்து பிடிப்பதில்லை, தருகிறது. ஒரு துளி மது இல்லாத பாரில் குடிக்க ஊற்றித் தருகிறது, பெரிய ஆளாக்குவேன் என்கிறது. மகனைக் கொடு என்று பிறகுதான் கேட்கிறது.

பேயை எடுத்துவிட்டால் குடித்துவிட்டு மனைவி பிள்ளையை அடிக்கிற ஒருவன்தான் மிச்சம். அவனை வெறுத்துவிட்டுப் போகலாம், சுலபம். பேய் இருப்பதால் ஒரே முகத்தில் இரண்டு பேர் தெரிகிறார்கள். கடைசியில் தடியை ஓங்கிய கையோடு நிற்கும்போது, ஒரு கணம் உண்மையான தகப்பன் வெளியே வந்து, ஓடு, நான் உன்மேல் வைத்த அன்பை மறக்காதே என்று மகனிடம் சொல்கிறான். அடுத்த கணம் ஹோட்டல் அந்த முகத்தையே அடித்துச் சிதைக்கிறது. பிள்ளையைத் தேடுகிற வெறியில் கொதிகலனை மறந்துவிட்டதால் அந்த ஹோட்டலும் வெடித்துச் சாகிறது. 1980இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. அங்கே அறை எண் 237, கொதிகலன் வெடிப்பதில்லை, தகப்பன் செடிப்புதிருக்குள் பனியில் உறைந்து சாகிறான். அந்த ஒரு கண அன்பு படத்தில் இல்லை. கிங்குக்கு அந்தப் படம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

எதிரணியின் முதல் வாதத்துக்கு வருகிறேன். ஷோஷாங்க் கதை நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் 1982இல் வந்த 'டிஃபரண்ட் சீஸன்ஸ்' தொகுப்பின் நான்கு குறுநாவல்களில் அது ஒன்று. பெரிய நாவல் ஒவ்வொன்றையும் எழுதி முடித்த கையோடு, தாங்கியில் மிஞ்சிய எண்ணெயில் எழுதியவை அவை என்று பின்னுரையில் கிங்கே சொல்கிறார். அதே தொகுப்பின் நான்காவது கதையில், விபத்தில் தலை துண்டான தாய் பிள்ளை பிறக்கும்வரை மூச்சுவிடுகிறாள். பேயில்லாக் கதைக்காக நண்பர் தூக்கிப்பிடித்த புத்தகமே நமக்குச் சாட்சி சொல்கிறது. 1994இல் வந்த படம் இல்லாவிட்டால் அந்தச் சிறைக்கதையை இத்தனை பேர் சொல்வார்களா என்பதையும் நடுவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1987இன் 'மிஸரி' இன்னும் வலுவான சாட்சி, அதுவும் எங்கள் பக்கத்துக்கு. கால் முறிந்த எழுத்தாளன் போல் ஷெல்டனை அடைத்துவைத்து, தனக்காக நாவல் எழுத வைக்கிறாள் ஆனி வில்க்ஸ். 'என்' எழுத்து விழுந்த தட்டச்சுப்பொறி, வலிமாத்திரை, கோடரி. எல்லாம் மனித வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனி செத்தபிறகு, போல் தன் வீட்டுக்குத் திரும்பியபிறகு என்ன நடக்கிறது? சோபாவுக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்து வருவதாக அவன் மனம் காண்கிறது. பேயே இல்லாத நாவலை முடிக்கவும் கிங்குக்கு ஒரு பேய் வேண்டியிருந்தது!

பாதியில் மூடுகிறார்கள் என்ற மூன்றாவது வாதம் உண்மை. குறை வாசிக்கிற வரிசையில் இருக்கிறது. படம் பார்த்த சூட்டோடு நேரே 'இட்' நாவலை எடுப்பார்கள். ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல், 1958க்கும் 1985க்கும் மாறி மாறித் தாவும், ஏழு பிள்ளைகள். இருநூறாம் பக்கத்தில் யார் எட்டி, யார் ஸ்டான் என்று குழம்பி விடுவார்கள். 'த ஸ்டாண்ட்' எடுப்பவர்களும் அப்படித்தான், அதிலும் 1978இல் வெட்டிய பக்கங்களைத் திரும்பச் சேர்த்த 1990ஆம் ஆண்டுப் பதிப்புத்தான் கையில் கிடைக்கும். முதலில் 'நைட் ஷிஃப்ட்' சிறுகதைகள், இரவுக்கு ஒன்று. ஆங்கிலம் கைக்குப் பழகும், அவர் பேச்சுவழக்கும் பழகும். பிறகு 'பெட் செமட்டரி', நாளுக்கு நாற்பது பக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள். முதல் நூறு பக்கம் வீடு, அயல், பூனை என்று மெதுவாகப் போகும், அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது. பின்னால் பறிக்கப்போகிற ஒவ்வொன்றையும் அங்கேதான் நம் கையில் தருகிறார். அதன்பின் 'த ஷைனிங்'. 'இட்' நான்காவதாக வரட்டும், ஏழு பெயரையும் ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த ஊரின் உண்மையான நோய் கண்ணில் படும். ஒரு சிறுமியைப் பொடியன்கள் துரத்துகிறார்கள், வீட்டு முன்னால் இருக்கும் பெரியவர் பார்க்கிறார், பத்திரிகையை மடித்துக்கொண்டு உள்ளே போகிறார். 27 வருடத்துக்கு ஒருமுறை எழும் அந்தப் பூதத்துக்கு அந்த ஊர் இடம் கொடுப்பது இப்படித்தான்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கிறது. 'பெட் செமட்டரி'யின் கடைசிப் பக்கத்தை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன். சொன்னால் கெடாது, களரியைச் சுற்றி இருந்து பழகியவர்கள் நீங்கள். மகன் திரும்பி வந்து செய்த அழிவுக்குப் பிறகும், மூன்றாவது சாட்சியும் கிடைத்த பிறகும், லூயிஸ் இன்னொருமுறை அந்தக் காட்டுக்குள் போகிறார். இம்முறை சுமந்துகொண்டு போனது ரேச்சலை. திரும்பி வந்து வீட்டில் தனியே இருந்து சீட்டு விளையாடுகிறார். பின்கதவு திறக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்ந்த கை ஒன்று தோளில் விழுகிறது. தொண்டை நிறைய மண்ணோடு ஒரு குரல், அன்பே என்று கூப்பிடுகிறது.