காங்கயம் கன்றின் நிறம்

வணக்கம். காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் போனால் சாம்பலாகிவிடும். காளையானால் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு வெளுக்கும். கொங்குப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் பிறந்தபோது இருந்த அதே டிஎன்ஏதானே கடைசிவரை உடம்பில் இருக்கிறது? எழுத்து மாறவில்லை, நிறம் மட்டும் எப்படி மாறுகிறது?

எந்த மரபணு எந்த உறுப்பில், எந்த வயதில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதிகளும் டிஎன்ஏவில் உண்டு. அவற்றை சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டிஎன்ஏவில், சுமார் 270 கோடி எழுத்துகள். புரதம் செய்யச் சொல்லும் பகுதி அதில் ஓரிரு சதவீதம்தான். சுவிட்சுகள் பெரும்பாலும் மீதியில் சிதறிக் கிடக்கின்றன. பால், எடை, நோய் எதிர்ப்பு என்று ஆராய்ந்தால் கிடைக்கிற, மாட்டுக்கு மாடு உள்ள எழுத்து வேறுபாடுகளில் பலவும் அந்த மீதியில்தான் விழுகின்றன.

டாமினெட் என்ற அமெரிக்க ஹியர்ஃபோர்டு பசுவை வைத்து 2009-இல் மாட்டின் எழுத்துவரிசையை வெளியிட்டார்கள். சுவிட்சுகளைத் தேடும் வேலைக்காக 2015-இல் ஃபாங் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் திட்டத்தை முன்வைத்தது. 2021-இல் கோழி, பன்றி, மாடு மூன்றிலும் ஈரல், நுரையீரல், தசை, மூளைப் பகுதிகள் என எட்டுத் திசுக்களின் சுவிட்ச் வரைபடம் வந்தது. பெரிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு எடுத்தவை ஆண் விலங்குகள். அந்த எட்டில் பால்மடி கிடையாது, தோலும் கிடையாது. நம் கன்றின் நிறத்துக்கு அங்கே போய் விடை தேட முடியாது பாருங்கள்!

அதனால் நம் இனங்களிலிருந்தே திசு எடுக்க வேண்டும் என்பேன். ரத்தம் மட்டும் போதாது. ரத்தத்தில் எழுத்தைப் படிக்கலாம், மடியில் நடப்பதைப் படிக்க முடியாது. உயிர் போன சிறிது நேரத்திலேயே திசுவை உறைய வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எந்த மரபணு வேலை செய்தது என்று காட்டுகிற ஆர்என்ஏ சிதைந்துபோகும். அதற்குத் தேவையான திரவ நைட்ரஜன் நமக்குப் புதிதல்ல. சினை ஊசி போட வருகிறவர் கேனில் கொண்டுவருவது அதைத்தான்.

காங்கயம் மாட்டை இதற்காக அறுப்பது யாருக்கும் மனசு வராத காரியம். தோலில் சின்னத் துணுக்கு எடுத்தால் மாட்டுக்குப் பெரிய தொந்தரவில்லை, நிறத்துக்கு அதுவே போதும். மற்ற உறுப்புகளுக்கு மேச்சேரி செம்மறி ஆட்டில் தொடங்கலாம். எப்படியும் கறிக்கு அறுக்கிற ஆடு. அதன் தோலுக்கோ தோல் தொழிலில் தனி மதிப்பு. அந்தத் தோலின் சுவிட்சுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.